உருளையும் தீட்டுக்கல்லும்: ஊவாத் தோட்டப்புற வீட்டுப் பட்டறைகள் பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தொழிலாளர் வாழ்வு பற்றித் தமிழில் எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் கொழுந்துக் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் மையமாகக் கொண்டவை. தேயிலைத் தோட்டத்தின் மிகப் பெரிய உழைப்புத்திரள் மலைச்சரிவிலேயே நின்றமையால் இது இயல்பானதே. எனினும் பறித்த கொழுந்து பண்டமாக மாறுவது இயந்திரத்தின் வாயிலாகவே. அவ்வியந்திரத்தை ஓட்டியும் பழுதுபார்த்தும் வந்த கைகளும் இதே லயங்களிலிருந்து வந்தவைதாம். அக்கைகளின் அறிவு நமது ஆய்வுகளில் மிக அரிதாகவே இடம்பெற்றுள்ளது. இன்று எல்ல, தெமோதரை, பண்டாரவளை, பதுளை ஆகிய ஊர்களின் முச்சக்கர வண்டிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓடவைத்துக்கொண்டிருக்கும் சிறு பட்டறைகளில் அந்த அறிவு தொடர்ந்து வாழ்கிறது. அப்பட்டறைகளில் நாள்தோறும் நிகழும் ஒரு சிறு வேலையை, அதாவது தேய்ந்த எஞ்சின் உருளையைத் தீட்டிப் புதுப்பிக்கும் வேலையை, விளக்குவதும் அதன் சமூகப் பொருளை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். பட்டறையில் இவ்வேலைக்கு 'ஹோன் பண்ணுதல்' என்று பெயர். கத்தியைக் கல்லில் தீட்டுவது எவ்வகைத் தொழிலோ அவ்வகைத் தொழிலே இதுவும் என்பதால் 'தீட்டுதல்' என்ற சொல்லை இங்கு ஆளுகிறோம்.

1. உருளையின் வரலாறு

ஓர் உலோகக் குழாயின் உட்புறம் எவ்வளவு வட்டமாக அமைந்துள்ளது என்னும் வினா, கைத்தொழிற் புரட்சியின் மைய வினாக்களுள் ஒன்றாக இருந்தது. ஜேம்ஸ் வாட் தனியான ஒடுக்கியைப் பற்றிய எண்ணத்தை அடைந்தது 1765ஆம் ஆண்டில். அதற்குக் காப்புரிமை பெற்றது 1769இல். எனினும் அவரது எஞ்சின் தொழிற்களத்தில் இயங்கத் தொடங்கியது 1776ஆம் ஆண்டிலேயே. இத்தாமதத்திற்குப் பணமுடை முதலிய பல காரணங்கள் இருந்தன. அவற்றுள் முக்கியமான ஒன்று, முசலத்தைச் சுற்றி நீராவி கசியாதவாறு ஓர் உருளையைச் சீராகக் குடைந்தெடுக்க அக்காலக் கைவினைஞரால் இயலாதிருந்தமையாகும். பீரங்கிக் குழல்களைக் குடைவதற்கென ஜோன் வில்கின்சன் 1774இல் காப்புரிமை பெற்ற முறை இத்தடையை நீக்க வழிகாட்டியது. அவர் குடைந்தளித்த ஐம்பது அங்குல உருளையில் எவ்விடத்தும் ஒரு பழைய வெள்ளி நாணயத்தின் தடிப்பளவுக்கு மேற்பட்ட பிழை இல்லை என்று வாட்டின் பங்காளி போல்டன் பெருமிதத்தோடு குறிப்பிட்டார்.

இன்று அந்தப் பிழையளவு எமக்கு நகைப்பைத் தரலாம். ஒரு முச்சக்கர வண்டியின் உருளையில் மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு பிழையே பெரும் பிழையாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும் வரலாற்றுப் பாடம் தெளிவானது. கண்டுபிடிப்பாளனின் எண்ணம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதனை உலோகத்தில் நிறைவேற்றும் கையும் கருவியும் வளர்ச்சியடையாத வரை அது எண்ணமாகவே நின்றுவிடுகிறது. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில், வளர்ச்சியுற்ற இயந்திரத் தொகுதியை இயக்கும் பகுதி, கடத்தும் பகுதி, கருவிப் பகுதி என மார்க்ஸ் மூன்றாகப் பிரித்தார். இயந்திரங்களை இயந்திரங்களாலேயே ஆக்கத் தொடங்கியபோதுதான் பெருங்கைத்தொழில் தன் சொந்தக் காலில் நின்றது என்றும் அவர் காட்டினார்.

அந்நூல் வெளிவந்த அதே 1867ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழியவே தேயிலை மலைநாடெங்கும் பரவியது. கோப்பித் தோட்டத்தைவிடத் தேயிலைத் தோட்டம் இயந்திரத்தில் மிகுதியாகத் தங்கியிருந்தது. பறித்த கொழுந்தை அன்றைக்கே வாட்டத் தொடங்கி, பின் அரைத்து, நொதிக்கவிட்டு, உலர்த்தியாக வேண்டும் என்பதால் ஒவ்வொரு பெருந்தோட்டத்திலும் ஒரு தொழிற்சாலை எழுந்தது. தொழிலாளர் அதனை 'ஸ்டோர்' என்றனர். நீர்ச்சில்லு, நீராவி எஞ்சின், எண்ணெய் எஞ்சின், பின்னர் மின்சாரம் என இயக்குவிசை மாறி வந்தது. கூரையடியில் நீண்டு சுழன்ற தண்டிலிருந்து தோல்வார்கள் இறங்கி றோலர்களைச் சுழற்றின. மார்க்ஸ் குறிப்பிட்ட மூன்று பகுதிகளையும் ஒரே கட்டடத்தினுள் ஊவாத் தொழிலாளி கண்ணெதிரே கண்டான்.

1924இல் புகையிரதம் பதுளையை அடைந்தது. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து எம்2 வகை டீசல் எஞ்சின்கள் வந்தன. அவற்றின் பன்னிரண்டு உருளைகளும் ஒவ்வொன்றும் 8½ அங்குல விட்டமும் 10 அங்குல அடிப்பு நீளமும் கொண்டவை. அவற்றைப் பராமரிக்க இரத்மலானையில் அரசின் பெரும் பட்டறை உண்டு. எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்திற்கு வண்டியோட்டும் இளைஞனின் எஞ்சினுக்கோ அவனது உறவினர் வீட்டு முற்றமே பட்டறை. நெடுங்காலம் இந்நாட்டுத் தெருக்களில் ஓடிய ஈரடிப்பு பஜாஜ் முச்சக்கர வண்டியின் உருளை 57 மில்லிமீற்றர் விட்டமும் 57 மில்லிமீற்றர் அடிப்பும் உடையது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 145 கன சென்ரிமீற்றர். பின்னர் நாலடிப்பு வண்டிகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அளவில் வேறுபட்டாலும், புகையிரத உருளைக்கும் முச்சக்கர வண்டி உருளைக்கும் தேய்மானத்தின் விதி ஒன்றே.

2. தேய்மானத்தின் இயல்பு

உருளை எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. முசலம் மேலும் கீழும் செல்லுகையில் நடுப்பகுதியில் அதன் வேகம் மிகுதி. அங்கு வளையத்திற்கும் சுவருக்கும் இடையே எண்ணெய்ப் படலம் நிலைத்து நிற்கிறது. மேல் முனையில் முசலம் ஒரு கணம் நின்று திரும்புகிறது. அக்கணத்தில் எண்ணெய்ப் படலம் அறுகிறது. எரிவாயுவின் அழுத்தம் வளையத்தைப் பின்னிருந்து சுவர்மீது தள்ளுகிறது. வெப்பம் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்கிறது. ஆதலால் மேல் வளையம் நின்று திரும்பும் இடத்திலேயே தேய்மானம் உச்சமடைகிறது. கீழே செல்லச் செல்ல அது குறைகிறது. உருளை மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் போதலைக் கூம்புத் தேய்வு எனலாம். முசலம் ஒரு பக்கச் சுவரையே மிகுதியாக அழுத்துவதால் வட்டம் நீள்வட்டமாதல் இரண்டாவது குறைபாடாகும்.

மூன்றாவது குறைபாடு தேய்வன்று. எண்ணெய் வெந்து சுவரில் மெல்லிய பூச்சாகப் படிந்து, கண்ணாடிபோல் பளபளக்கும் நிலை அது. பார்வைக்கு அழகாகத் தோன்றும் இப்பளபளப்பு எஞ்சினுக்குக் கேடு. வழவழப்பான சுவரில் எண்ணெய் தங்குவதில்லை. புதிய வளையம் சுவரோடு இசைந்து பொருந்துவதும் இல்லை. நாலடிப்பு எஞ்சினாயின் நீலப்புகை எழும். 'ஓயில் குடிக்கிறது' என்பார்கள். வெல்லவாயவிலிருந்து இராவணன் நீர்வீழ்ச்சியைக் கடந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்திலுள்ள எல்லவுக்கு ஏறும் வழியில் வண்டி தளரும். 'இழுவை இல்லை' என்பார்கள். மூன்று பயணியரோடு ஏறமுடியாத வண்டியை வைத்திருப்பவனுக்கு இச்சொற்களின் பொருள் அன்றைய வருமானத்தின் இழப்பாகும்.

3. அளத்தல்

தீட்டுவதற்கு முன் அளத்தல் வேண்டும். இதுவே தேர்ந்த கைவினைஞனையும் மற்றவனையும் வேறுபடுத்தும் இடம். ஏனெனில் தீட்டுக்கல் உருளையின் வடிவத்தைத் திருத்துவதில்லை. வில்விசையால் விரியும் மூன்று கற்கள் கொண்ட கருவி, உள்ள வடிவத்தையே பின்பற்றிச் செல்லும். நீள்வட்டமான உருளையைத் தீட்டினால் தீட்டப்பட்ட நீள்வட்டமே எஞ்சும். வடிவம் கெட்டிருப்பின் நகரத்து லேத் பட்டறையில் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெரிய முசலம் பொருத்துவதே வழி.

உள்விட்டமானி விலையுயர்ந்த கருவி. வீட்டுப் பட்டறைகளில் அது அரிது. அதற்கு மாற்றாக எளிய முறையொன்று உண்டு. முசல வளையமொன்றை உருளைக்குள் இட்டு, முசலத்தின் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் இடைப்பட்ட வெளியை மெல்லிய தகடுகளாலான இடைவெளிமானியால் அளக்க வேண்டும். இவ்வாறு மேற்பகுதியிலும் தேயாத கீழ்ப்பகுதியிலும் அளந்து, இரு அளவுகளின் வேறுபாட்டை 3.14ஆல் வகுத்தால் விட்டத்தின் வேறுபாடு கிடைக்கும். மேலே இடைவெளி 0.31 மில்லிமீற்றர் மிகுதியாக இருப்பின் உருளை அங்கு ஏறத்தாழ 0.10 மில்லிமீற்றர் அகன்றுள்ளது என்பது பொருள். சிறு எஞ்சின்களில் இது பொதுவாக மன்னிக்கத்தக்க அளவன்று. உற்பத்தியாளரின் கைநூல் கூறும் எல்லையே முடிவானது. இம்முறை கூம்புத் தேய்வை மட்டுமே காட்டும், நீள்வட்டத்தைக் காட்டாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள தொடர்பு, பாடசாலையில் மனனஞ் செய்யப்பட்ட சூத்திரமாக அன்றி, ஒரு பொருளாதார முடிவுக்கு அடிப்படையாக இங்கு தொழிற்படுகிறது.

4. தீட்டுதல்

வடிவம் எல்லைக்குள் இருப்பின் தீட்டலாம். உருளையைக் கழற்றித் தனியே எடுத்தல் நன்று. கல்துகள் எஞ்சினின் அடிப்பகுதியில் விழுந்தால் தாங்கிகளைத் தின்றுவிடும். வார்ப்பிரும்பு உருளைக்குப் பொதுவாக 180 முதல் 280 வரையிலான பருமன் எண் கொண்ட கார்பரண்டம் கற்கள் பொருந்தும். மேலே கடினமான நிக்கல் பூச்சுடைய அலுமினிய உருளைகளுக்கு இம்முறை ஆகாது. ஈரடிப்பு உருளையின் சுவரில் வாயு புகவும் வெளியேறவும் துவாரங்கள் இருப்பதால் நீண்ட கற்கள் அவற்றின் விளிம்பில் சிக்கி உடையக்கூடும். அங்கு நெகிழும் கம்பிகளின் நுனியில் சிறு கல்லுருண்டைகள் கொண்ட தூரிகை வடிவக் கருவியே தக்கது.

கருவியை மின்துளைப்பானில் பூட்டி, சுவரில் எண்ணெய் தாராளமாக இட்டு, சுழலவிட்டபடியே மேலும் கீழும் சீராக அசைக்க வேண்டும். சுழற்சியும் ஏற்ற இறக்கமும் சேரும்போது சுவரில் ஒன்றையொன்று வெட்டும் நுண்கோடுகள் விழுகின்றன. அவை வெட்டிக்கொள்ளும் கோணம் 45 முதல் 60 பாகை வரை இருத்தல் நன்று. கோணம் மிகக் குறைந்தால் வளையம் கோடுகள்மீது துள்ளும்; எண்ணெய் மிகுதியாகத் தேங்கும். கோணம் மிகக் கூடினால் எண்ணெய் கீழே வடிந்துவிடும்.

வேகத்தை எவ்வாறு தீர்மானிப்பது? 57 மில்லிமீற்றர் உருளையின் சுற்றளவு ஏறத்தாழ 179 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 150 சுற்றில் கல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 27 மீற்றர் தூரம் சுவரைச் சுற்றி வருகிறது. 45 பாகைக் குறுக்குக் கோணம் பெற ஒவ்வொரு கோடும் கிடைமட்டத்திலிருந்து 22½ பாகை சாய வேண்டும். அதற்குக் கை நிமிடத்துக்கு ஏறத்தாழ 11 மீற்றர் மேலும் கீழும் நகர வேண்டும். ஒவ்வோர் ஓட்டமும் 80 மில்லிமீற்றர் எனின், ஏறத்தாழ 70 முறை ஏறி இறங்க வேண்டும். நொடிக்கு ஒரு தடவைக்குச் சற்று மேலான இது மனிதக் கைக்கு இயலும் வேகம். துளைப்பானை 400 சுற்றில் ஓட்டினால் கை நிமிடத்துக்கு 180 தடவைக்கு மேல் ஏறி இறங்க நேரிடும். அது இயலாது, கோடுகள் கிடையாகவே விழும். 'துளைப்பானை மெதுவாக ஓட்டு, கையை விரைவாக ஓட்டு' என்ற பட்டறை அறிவுரைக்குப் பின்னால் உள்ள கணிதம் இதுவே.

பதினைந்து இருபது நொடிகள் தீட்டி, நிறுத்தி, துடைத்துப் பார்க்க வேண்டும். பளபளப்பு நீங்கிச் சீரான மங்கல் நிறம் வந்தவுடன் வேலை முடிந்தது. மேலும் தீட்டினால் உருளை அகலும். முசலத்துக்கான இடைவெளி கைமீறும். சுழலும் கருவியை உருளையிலிருந்து வெளியே இழுத்தல் கூடாது; கற்கள் சிதறிக் கண்ணைப் பறிக்கக்கூடும். ஈரடிப்பு உருளையின் துவார விளிம்புகளை இறுதியில் மெல்ல மழுக்கிவிட வேண்டும். இன்றேல் புதிய வளையம் அவற்றில் மாட்டிக்கொள்ளும்.

கழுவுதலே பலர் கெடுக்கும் படி. பெற்றோலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவினால் எண்ணெய் போய்க் கல்துகள் நுண்கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். சவர்க்காரம் கலந்த வெந்நீரில் தூரிகையால் தேய்த்து, வெள்ளைத்துணியில் கறை படியாத வரை கழுவ வேண்டும். உடனே உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். மழையும் பனியும் நிறைந்த மலைநாட்டில் வெற்று வார்ப்பிரும்பு விரைவில் துருவேறும்.

புதிய வளையத்தின் முனை இடைவெளிக்கு ஓர் அங்குல விட்டத்துக்கு 0.004 அங்குலம் என்ற பழைய கணக்கு உண்டு. இவ்வுருளைக்கு அது ஏறத்தாழ 0.23 மில்லிமீற்றர். இடைவெளி மிகக் குறைந்தால் வெப்பத்தில் முனைகள் முட்டி வளையம் உருளையைக் கீறிவிடும். பொருத்திய பின் எஞ்சினை நெடுநேரம் வெறுமனே உறுமவிடுவதும் தவறு. முதல் நாளே முழுச்சுமையோடு மலையேற்றுவதும் தவறு. மிதமான சுமையில் ஓடும்போதே வாயுவழுத்தம் வளையத்தைச் சுவரோடு பொருத்துகிறது.

5. பட்டறையின் மொழி

இவ்விளக்கத்தில் 'முசலம்' என்ற சொல்லை ஆண்டோம். அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற் பணியோடு நம் பாடநூல்களில் வேரூன்றிய சொற்களுள் அதுவும் ஒன்று. பட்டறையில் அச்சொல் வழங்குவதில்லை. அங்கு 'பிஸ்டன்' என்றே கூறுவர். முசலம் என்பது உலக்கையைக் குறிக்கும் வடசொல். கலைச்சொல்லாக்கத்தில் உலக்கை என்றே வைத்திருந்தால், நெல் குத்திய வீட்டுப் பிள்ளைகளுக்கு மேலும் கீழும் இயங்கும் அப்பொருளின் இயல்பு சொல்லிலேயே விளங்கியிருக்கும். பொருளை விளக்க வேண்டிய சொல் பொருளிலிருந்து மாணவனைப் பிரித்துவைத்தது.

பட்டறைமொழியோ வரலாற்றின் படிவுகளைத் தன்னுள் கொண்டது. தேர்ந்த கைவினைஞனைக் குறிக்கும் 'பாஸ்' என்ற சொல் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. தொழில் பழகும் பையன் 'கோலயா'. அது சிங்களச் சொல். ஹோன், போர், றிங் ஆகியன ஆங்கிலம். வினைகளோ தமிழ்: குடிக்கிறது, இழுக்கிறது, பிடித்துக்கொண்டது. இனப்பகைமை அரசியலாக்கப்பட்ட ஒரு நாட்டில், ஊவாவின் சிங்கள பாஸும் தமிழ்க் கோலயாவும் ஒரே உருளைக்குள் எட்டிப்பார்த்து ஒரே சொற்றொகுதியில் பேசுகின்றனர் என்பது குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. மூளையுழைப்புச் சிறிதும் கலவாத உடலுழைப்பு என ஒன்றில்லை என்று கிராம்சி சிறைக்குறிப்புகளில் வாதிட்டார். கோட்டின் சாய்வைக் கண்ணாலும் எதிர்ப்பைக் கையாலும் அறிந்து வேகத்தை மாற்றும் பாஸ் அக்கூற்றுக்குச் சான்று. அவரது அறிவு எழுத்துக்கு வராமையால் அது அறிவு அல்லாததாகிவிடாது. ஆயின் அவரோடு அது அழிந்துபோகும் வாய்ப்பு மிகுதி.

6. வீடும் பட்டறையும்

'வீட்டுப் பட்டறை' என்ற தொடரில் வீடு என்பது முன்நிபந்தனை. லயத்துக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் ஒரு குடும்பம் உறங்க வேண்டும். இடுக்கிக்கட்டை பதித்த மேசைக்கும், பூட்டிவைக்கத்தக்க கருவிப்பெட்டிக்கும், துளைப்பானுக்கான மின்னிணைப்புக்கும் அங்கு இடம் எங்கே? காம்பராவும் முற்றமும் தோட்டத்துக்குரியன. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலை, தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிவைத்த கயிறாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. நாடற்றவன் காணி வாங்குவதும் கடன் பெறுவதும் அரிது. ஆதலால் கருவியுடைமையும் அரிது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கிய பின்னரும் காணியின்மை தொடர்ந்தது. 2015க்குப் பின் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் தொடங்கிற்று. அது இன்னும் மிகப் பலரை எட்டவில்லை. இவ்வின்மைகளுக்கிடையே தோட்டத்து இளைஞர் வண்டியோட்டிகளாகவும் பழுதுபார்ப்போராகவும் வெளியேறியமை, தோட்ட அமைப்பிலிருந்து விடுபடும் முயற்சியின் ஒரு வடிவமாகும்.

இம்முயற்சியை மிகைப்படுத்தலும் தகாது. சொந்தக் கருவியுடைய சிறு கைவினைஞனைச் சுதந்திர மனிதனாகக் காண்பது மனோரதியப் பார்வை. அவன் பழுதுபார்க்கும் வண்டி பெரும்பாலும் குத்தகைக் கம்பனியின் கடனில் வாங்கப்பட்டது. வளையமும் முசலமும் இறக்குமதியாளரின் விலைக்கு உட்பட்டவை. 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உள்ளூர்ப் பழுதுபார்ப்பு உயிர்நாடியாயிற்று. திறந்த பொருளாதாரம் வந்தபின் 'மாற்றிவிடு' என்ற வழக்கம் பரவிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, பழைய எஞ்சினை ஓடவைக்கும் கலை மீண்டும் நாட்டின் தேவையாயிற்று. 2025இல் இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டுள்ளது. நெருக்கடி வரும்போது மட்டும் பட்டறையின் அறிவை நினைவுகூர்ந்து, அது தணிந்ததும் மறந்துவிடும் வழக்கம் சார்புப் பொருளாதாரத்தின் இயல்புகளுள் ஒன்றாகும்.

7. முடிவு

மேற்கூறியவற்றால் சில கடமைகள் புலனாகின்றன. தொழில்நுட்பக் கைநூல்கள், பட்டறையில் வழங்கும் சொற்களை அடிப்படையாகக் கொண்டு, பாஸ்மாரை உடனிருத்தி எழுதப்படல் வேண்டும். உள்விட்டமானி போன்ற, தனியொருவர் வாங்கவியலாத கருவிகளைக் கூட்டுறவு முறையில் பகிர்ந்துகொள்ள வழி வேண்டும். சரியாக அளக்கப்படாத உருளைக்குச் செலவிடப்படும் பணம், கடன்பட்ட வண்டியோட்டியின் பணம். வீட்டுரிமைக் கோரிக்கையை உறங்குமிடத்துக்கான கோரிக்கையாக மட்டும் கொள்ளாது, உழைக்குமிடத்துக்கான கோரிக்கையாகவும் தொழிற்சங்கங்கள் விரித்துக்கொள்ளல் தகும். பல்கலைக்கழக ஆய்வாளருக்கும் இதில் பங்குண்டு. மலையகத்தின் பாடல்களைத் தேடித் தொகுத்த அக்கறையோடு அதன் தொழிற்சொற்களையும் செய்முறைகளையும் தொகுத்தல் இன்றைய தேவை. கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிய தலைமுறையின் பேரர் இன்று எஞ்சின் உருளையைத் தீட்டுகின்றனர். கல்லை எந்தச் சாய்வில், எவ்வளவு அழுத்தத்தில் பிடிப்பது என்பதை ஒரு தலைமுறை மற்றதற்குக் கையால் கற்பித்து வந்துள்ளது. அதனை எழுத்திலும் கொடுப்பதற்குரிய காலம் இது. மூத்த பாஸ்மார் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.